பேய்க்கும் பசிக்கும்

காகிதத் தட்டுக்கு யாரோ பெயர் கொடுத்துவிட்டார்கள். பழச்சாறு, கைதுடைக்கும் தாள், பலூன், கேக் என்று எல்லாவற்றுக்கும் எதிரே ஏதாவது ஓர் அம்மாவின் பெயர் ஏறியிருந்தது. அலுவலகம் முடிந்து ரயிலில் திரும்பும்போதுதான் அவளால் அந்தப் பட்டியலைச் செல்பேசியில் திறந்து பார்க்க முடிந்தது. மிச்சம் இருந்தது ஒரே வரி: ‘சத்தான நொறுக்குத்தீனி, 12 பிள்ளைகளுக்கு.’ முந்திக்கொண்டவர்கள் விவரமானவர்கள். பேய் வேஷம் கட்டிக்கொண்டு, மிட்டாய் வாங்கத் தெருவில் இறங்கத் துடிக்கும் கூட்டத்தின் முன்னால் கேரட்டை நீட்டும் வேலையை யார்தான் விரும்பி ஏற்பார்கள்?

2023 அக்டோபர். நியூஜெர்சி மாநிலத்து எடிசனில், மூத்த மகளோடு நான்காம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய தம்பி தங்கைகளுக்குமாக ஒரு ஹாலோவீன் விருந்து. 31ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. பள்ளி விட்டதும் மூன்று வீடு தள்ளியிருக்கும் தோழியின் கராஜில் கூட வேண்டியது. இருட்டத் தொடங்கியதும் அங்கிருந்தே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியது. பள்ளிக்கூடத்திலும் கொண்டாட்டம் உண்டு. ஆனால் அங்கே வீட்டுப் பலகாரம் நுழைய முடியாது. கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும், உறை பிரிக்காததாக இருக்க வேண்டும், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடித்திருக்க வேண்டும். அடுப்பில் செய்ததைக் கொடுக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வீட்டில்தான் கூட வேண்டும்.

அந்த வருஷம் மாமியார் வந்திருந்தார். காரைக்குடிப் பக்கத்து மனுஷி. ஆறு மாதம் தங்க வந்தவர், பெட்டியில் சேலைகளுக்கு நடுவே பணியாரச் சட்டியைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒருநாள் தெருவில் நடந்துவிட்டுத் திரும்பியவர், “என்னத்தா இது, வாசலுக்கு வாசல் எலும்புக்கூட்டத் தொங்கவிட்டிருக்காக? ஒரு வீட்டுல பொணம் மண்ணுக்குள்ள இருந்து கைய நீட்டுது” என்றார். குரலில் பயத்தைவிட வேடிக்கைதான் அதிகம். முகம் செதுக்கிய பூசணிக்காயைக் காட்டி மருமகள் விளக்கத் தொடங்கியதும், மீதியை அவரே முடித்துவிட்டார். “கட்டடம் கட்டுற எடத்துல மீசை வரைஞ்சு கட்டுவாகளே, அந்த மாதிரியா?”

அந்த மாதிரிதான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து, அதற்கு ஒரு கோர முகம் கொடுத்து, உள்ளே நெருப்பு வைத்துக்கொண்டிருந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்கு வந்தார்கள். வந்த இடத்தில் டர்னிப்பைவிடப் பெரியதாகவும் குடைவதற்கு லேசாகவும் பூசணிக்காய் கிடைத்தது. மணிக்கட்டுக்கு விடுதலை. அவர்களுடைய ஊரில் அந்த இரவின் சாப்பாடு மிட்டாயும் அல்ல. ஆப்பிள், கொட்டை வகைகள், முட்டைக்கோசு சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு, உலர்பழம் போட்ட ரொட்டி. அந்த ரொட்டிக்குள் ஒரு மோதிரத்தை ஒளித்துவைப்பார்கள். யார் துண்டில் அது வருகிறதோ அவருக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம் என்று நம்பிக்கை. அத்தைக்கு இந்த மோதிர விஷயம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஊரில் கல்யாணமாகாமல் இருக்கும் உறவுக்காரப் பையன்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

வேஷம் போட்டு வீடு வீடாகப் போகும் வழக்கம் அமெரிக்காவில் பரவியது 1930களில். இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்ததும் அது அடங்கியது. 1947இல் ரேஷன் நீங்கியதும் மறுபடி கிளம்பியது. அப்போதும் கதவைத் திறந்த வீட்டுக்காரர் கையில் இருந்தது ஆப்பிளாகவோ, வேர்க்கடலையாகவோ, சில்லறைக் காசாகவோ, பாகு விட்டு உருட்டிய சோளப்பொரி உருண்டையாகவோ இருக்கலாம். உறையிட்ட சின்னச் சின்னச் சாக்லேட்டுகள் அந்த இடத்தைப் பிடித்தது அதற்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. பயம் வந்து அந்த இடத்தை உறுதியாக்கிற்று. 1974இல் டெக்ஸஸின் டீர் பார்க் என்ற ஊரில் 8 வயதுச் சிறுவன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடியைத் தின்று செத்துப்போனான். கலந்தது முகம் தெரியாத எவனோ அல்ல. காப்பீட்டுப் பணத்துக்காகப் பெற்ற தகப்பன். 1984இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது. டெலாவேர் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958இலிருந்து வந்த செய்திகளைத் தோண்டிப் பார்த்து, அந்நியர் ஒருவர் ஹாலோவீன் மிட்டாயில் விஷம் வைத்து ஒரு பிள்ளை இறந்ததற்கு உறுதியான ஆதாரம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று எழுதிவருகிறார். எழுதி என்ன? கதை வருஷா வருஷம் திரும்ப வருகிறது. வீட்டில் செய்த பண்டம் பையில் விழுந்தால் அன்றிரவே குப்பைக்குப் போகிறது. வாசலில் இடமிழந்த பொரி உருண்டைக்கு மிச்சம் இருப்பது, ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் கூடும் இந்த மாதிரி விருந்துதான்.

அவளுடைய திட்டம் எளிமையானது. சத்தான தீனி மிட்டாயோடு ஒரே மேசையில் உட்கார்ந்தால் தோற்கும். மிட்டாய்க்கு முன்னால் வந்தால் ஜெயிக்கும். பள்ளியிலிருந்து வரும் பிள்ளை பசியோடு வரும். அக்டோபர் கடைசியில் நியூஜெர்சியில் மாலை ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் வயிற்றை நிரப்பிவிட்டால் போதும், பிறகு தெருவில் எவ்வளவு சேர்த்துக்கொண்டு வந்தாலும் வாயில் போகிறது குறையும். ஆகவே செய்யப்போவது பெயருக்குத்தான் நொறுக்குத்தீனி. உண்மையில் அது வேஷம் போட்ட ராச்சாப்பாடு. இன்னொன்றும் தீர்மானித்துக்கொண்டாள்: பிள்ளைகள் காதுபட ‘உடம்புக்கு நல்லது’ என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. அந்தப் பேச்சு விழுந்த மாத்திரத்தில் தட்டு நகர்ந்துவிடும்.

விருந்து நடக்கும் வீட்டுத் தோழியிடம் யார் யாருக்கு என்ன ஆகாது என்று கேட்டாள். ஒரு பையனுக்கு வேர்க்கடலையும் எள்ளும் ஆகாது. அக்காவோடு வரும் குட்டிப் பையன் ஒருவனுக்கு மூன்று வயதுதான். மற்றபடி பிரச்சினை இல்லை.

எள் என்றதும் அத்தை நிமிர்ந்து பார்த்தார். ஊரிலிருந்து வரும்போது இரண்டு டப்பா கொண்டுவந்திருந்தார். ஒன்றில் எள்ளுருண்டை, இன்னொன்றில் கடலை மிட்டாய். விருந்து என்று காதில் விழுந்ததிலிருந்து அந்த இரண்டையும்தான் மனசுக்குள் பரிமாறிக்கொண்டிருந்தார்.

“எள்ளு ஒரு புள்ளைக்கு என்னத்தா பண்ணும்? வயசுக்கு வந்த புள்ளைக்கெல்லாம் அதத்தானே குடுக்குறோம்?”

இந்தக் கேள்வி அமெரிக்கச் சட்டத்துக்கே நெடுநாள் இருந்தது. உணவு உறையில் கட்டாயம் எழுத வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா என்று எட்டாக இருந்தன. 2023 ஜனவரி 1ஆம் தேதிதான் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. அந்தப் பையனின் அம்மா எங்கே போனாலும் கைப்பையில் எபிநெஃப்ரின் ஊசி வைத்திருப்பார் என்பதை மருமகள் சொன்னாள். ஒரு துளி பட்டால்கூடச் சிலருக்கு உதடு வீங்கி, மூச்சுக்குழாய் அடைத்துவிடலாம் என்றும் சொன்னாள். அத்தை மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு டப்பாவையும் எடுத்து மாடி அறை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, கரண்டியிலிருந்து கிரைண்டர் கல் வரைக்கும் எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் திரும்பக் கழுவினார்.

அப்படியானால் என்ன செய்வது? “பொரி உருண்டை” என்றார் அத்தை. கார்த்திகைக்குச் செய்வது. கடலை வேண்டாம், எள் வேண்டாம், பொரியும் வெல்லமும் போதும். பழைய அமெரிக்க வீட்டு வாசல்களில் கொடுத்த சோளப்பொரி உருண்டைக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் வேறு கிடையாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஓக் ட்ரீ சாலைக் கடையில் அரிசிப் பொரி கிடைத்தது. ஓவனில் லேசாகச் சூடு காட்டி அதன் நமுப்பை எடுத்தார்கள். வெல்லத்தைத் தட்டி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள். பாகு நுரைத்துப் பொங்கி, பிறகு குமிழ்கள் சின்னதாகி நிதானப்பட்டதும் அத்தை ஒரு சொட்டைக் கிண்ணத் தண்ணீரில் விட்டார். விரலால் உருட்டி எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டார். ‘தொப்’ என்றது. “இன்னும் இல்ல.” சற்று நேரம் கழித்து இன்னொரு சொட்டு. இந்த முறை ‘டங்’ என்றது. உடனே அடுப்பை அணைத்து, ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டுப் பொரியில் கொட்டிக் கிளறினார். அதற்குமேல் பேச நேரமில்லை. ஆறினால் பிடிக்க வராது. ஆறாமல் பிடித்தால் உள்ளங்கை வெந்துபோகும். அரிசி மாவைத் தொட்டுத் தொட்டு அவர் உருட்டிப் போடப் போட, மூத்தவள் சூடு இருக்கும்போதே கறுப்பு உலர்திராட்சையில் இரண்டு கண் அழுத்தினாள், மூக்குக்குக் கட்டைவிரலால் ஒரு பள்ளம். தட்டு நிறைய மண்டை ஓடுகள்.

“கார்த்திகைப் பொரிக்குக் கண்ணு மூக்கா!” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கண் கோணலாக இருந்த ஒரு மண்டை ஓட்டைத் திருத்தி வைத்ததும் அவர்தான்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வெல்லம் போட்டால் சத்தான பலகாரம் என்று தமிழ் வீடுகளில் ஒரு நிம்மதி உண்டு. வெல்லத்தில் கொஞ்சம் தாதுச்சத்து ஒட்டிக்கொண்டிருப்பது உண்மைதான். பெரும்பங்கு சர்க்கரை என்பதும் உண்மை. வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் உடம்பு தனித்தனிக் கணக்கு வைப்பதில்லை. இந்த உருண்டைக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியது வெல்லத்தின் பெருமை அல்ல, அதில் பாதிக்குமேல் காற்று என்பதுதான். அதனால் நெல்லிக்காய் அளவுக்குமேல் பிடிக்க வேண்டாம் என்று மருமகள் கேட்டுக்கொண்டாள். மூன்று வயதுக் குட்டிக்கு இது கிடையாது. சோளப்பொரி, முழுத் திராட்சை, கொட்டை, கடினமான மிட்டாய் போன்றவற்றை 4 வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அடுத்தது பணியாரம். ஆரஞ்சு நிறத்தில் குண்டு குண்டாக இருப்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? உளுந்தும் அரிசியும் அரைத்த மாவை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் படுத்தார்கள். குளிர் தேசத்துத் தமிழ் வீடுகளில் மாவு பொங்குவது அந்த விளக்குச் சூட்டில்தான். நிறத்துக்குப் பூசணிக்காய். வாசலில் முகம் செதுக்கி வைக்கும் பெரிய காய் பார்வைக்குத்தான். சதை நார்நாராக, சப்பென்று, தண்ணீர் விட்டுக்கொள்ளும். சமையலுக்கு டப்பாவில் அடைத்து விற்கும் விழுதுதான் தோதானது. அமெரிக்காவில் அது பெரும்பாலும் இலினாய் மாநிலத்தில் விளைவது, டிக்கின்சன் என்ற ரகம், வாசல் பூசணியிலிருந்து வேறுபட்ட இனம். நம்மூர்ப் பரங்கிக்காயும் அந்த டிக்கின்சனும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. டப்பாவைத் திறந்து மோந்து பார்த்த அத்தை, “நம்ம பரங்கிதான்” என்று சொன்னதை எந்தத் தாவரவியலாளரும் மறுக்க மாட்டார்.

மாவில் விழுதைக் கலந்து, கடுகு உளுந்து தாளித்துக் கொட்டி, சட்டியை அடுப்பில் வைத்து எண்ணெய்ப் புட்டியை எடுத்தபோது மருமகள் கையைப் பிடித்தாள். நல்லெண்ணெய்.

“சரி, சூரியகாந்தி எண்ணெய ஊத்துவோம்” என்று அத்தை புட்டியை மாற்றினார். பிறகு அவரே நின்றுவிட்டார். சட்டியைப் பார்த்தார். அவருடைய மாமியார் காலத்து இரும்புச் சட்டி அது. கறுத்துப் பளபளவென்று, ஒரு பணியாரமும் ஒட்டாமல் வருவதற்குக் காரணம் வருஷக்கணக்காகக் குடித்த நல்லெண்ணெய். எத்தனை கழுவினாலும் அந்தப் பளபளப்பு போகாது. போனால் சட்டி சட்டியாகவே இருக்காது. “இது அந்தப் புள்ளைக்கு ஆகாதுல்ல?” ஆகாது. கடல் கடந்து பெட்டியில் வந்த சட்டி, அடுப்பை விட்டு இறங்கிற்று.

பையனின் அம்மாவுக்கு அவள் ஏற்கெனவே ஒவ்வொரு பலகாரத்திலும் என்னென்ன சேருகிறது என்று எழுதி அனுப்பிச் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது சட்டியின் படத்தையும் அனுப்பி, இது இல்லாமல் இந்தப் பண்டத்தைச் செய்ய வழியில்லை, மன்னியுங்கள் என்று எழுதினாள். பதில் உடனே வந்தது. அந்த அம்மாவின் பாட்டி டென்மார்க்கிலிருந்து வந்தவர். கிறிஸ்துமஸ் காலத்தில் டேனிஷ் வீடுகளில் ஏப்லெஸ்கீவர் என்று ஒரு பண்டம் சுடுவார்கள். அதற்கு உண்டான இரும்புச் சட்டி தங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது, இது அதேதானே என்று ஒரு படம் வந்தது. ஏழு குழி. கைப்பிடி மட்டும் நீளம்.

அன்று மாலை அந்த அம்மா சட்டியைக் கொண்டுவந்தபோது அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேனிஷ்காரர்களும் மாவைக் குழியில் ஊற்றி, அடி வெந்ததும் ஊசியால் குத்திப் புரட்டுகிறார்கள். பழைய காலத்தில் அதற்குக் கம்பளி பின்னும் ஊசியை வைத்துக்கொள்வார்களாம். தன்னுடைய மரப்பிடிக் கம்பியை எடுத்துக் காட்டி அத்தை சிரித்தார். ஒருவருக்கு மற்றவர் மொழி தெரியாது. ஆனாலும் மாவு எந்த அளவு ஊற்றுவது, எப்போது புரட்டுவது என்பதில் இருவருக்கும் கையசைவிலேயே ஒரு சின்ன வாக்குவாதம்கூட நடந்தது.

சுட்டு எடுத்த பணியாரத்தின் உச்சியில் கொத்தமல்லித் தண்டு ஒரு துணுக்கு செருகினால் அசல் குட்டிப் பூசணி. சிலவற்றில் மூத்தவள் மிளகு அளவுக்குத் துளைபோட்டுக் கண்ணும் வைத்தாள். கோதுமை இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை, சர்க்கரை இல்லை. பட்டியலில் எழுதிய ‘சத்தான’ என்ற நிபந்தனைக்கு இது ஒன்றே போதும்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. ஒரு வாரத்துக்கு முன்புதான் நவராத்திரி முடிந்திருந்தது. கொலுவுக்கு வாங்கிய கொண்டைக்கடலை மிச்சம் இருந்தது. அதை ஊறவைத்து வேகவிட்டு, எள் விழுது சேர்க்காமல் எலுமிச்சையும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டு மசித்தார்கள். கேரட்டை விரலாக நறுக்கி, நுனியில் நகமாக எல்லோரும் பாதாம் ஒட்டுவார்கள். அவள் தோல் நீக்கிய பூசணி விதையை ஒட்டினாள். பச்சை நகம். சூனியக்காரிக்கு அதுதான் பொருத்தம். குட்டிக்கு மட்டும் கேரட்டை வேகவைத்து, நகமில்லாத விரல். வாழைப்பழத்தைக் குறுக்கே வெட்டி நிறுத்திக் கண் வைத்தால் பேய். கறுக்காமல் இருக்க ஆரஞ்சுச் சாற்றில் தோய்த்து, கடைசி நிமிஷத்தில் வெட்டினாள். செதுக்கிய பூசணியின் விதைகளை அத்தை மஞ்சளும் உப்பும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் பிரட்டி வறுத்தார். அவை பிள்ளைகளிடம் போய்ச் சேராமலே அப்பாக்களிடம் தீர்ந்துவிட்டன.

மூத்தவள் தன் பங்குக்கு ஒரு கண்ணாடித் தம்ளர் வேலை செய்தாள். கேண்டி கார்ன் என்று ஒரு மிட்டாய், மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை என மூன்று பட்டையாகச் சோளமணி வடிவில் இருக்கும். 1880களில் பிலடெல்பியாவில் பிறந்தது. வண்டர்லே கம்பெனி ஊழியர் ஜார்ஜ் ரெனிங்கர் உருவாக்கியது என்பார்கள். ஹாலோவீனுக்கு அது இல்லாமல் ஆகாது. அதைப் பிடிக்கும் என்று சொல்பவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தம்ளரின் அடியில் அன்னாசித் துண்டு, நடுவில் ஆரஞ்சுச் சுளை, மேலே கெட்டித் தயிர். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த மிட்டாய். கிட்டே வந்தால் பழம்.

எள் ஆகாத பையனின் அம்மா கொண்டுவந்த பிஸ்கட்டுகள்தான் பெரியவர்களையும் மேசைக்கு இழுத்தன. வேர்க்கடலை வெண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி விதை வெண்ணெய் போட்டுச் சுட்டவை. ஓவனிலிருந்து எடுக்கும்போது பழுப்பாக இருந்தவை, ஆற ஆற உள்ளுக்குள் பாசிப் பச்சையாகிவிட்டனவாம். சாயம் எதுவும் இல்லை. சூரியகாந்தி விதையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம் சமையல் சோடாவின் காரத்தோடு சேர்ந்தால் இப்படிப் பச்சையாகும்; உடம்புக்கு ஒன்றும் செய்யாது. வருஷம் முழுக்கச் சோடாவைக் குறைத்துப் போட்டு அந்தப் பச்சையைத் தவிர்க்கப் பார்ப்பவர், ஹாலோவீனுக்கு மட்டும் தாராளமாகப் போடுவாராம்.

அவர் வீட்டு வாசலில் அந்த மாதம் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் பூசணிக்காய் இருந்தது. மிட்டாய்க்குப் பதில் பென்சில், ஒட்டுப்படம், சின்னப் பொம்மை போன்றவையும் இங்கே கிடைக்கும் என்பதற்கு அடையாளம். 2012இல் டென்னசியில் ஒரு தாய் தொடங்கியதை, 2014இல் உணவு ஒவ்வாமைக்கான ஃபேர் அமைப்பு நாடு முழுவதற்கும் எடுத்துச் சென்றது.

விருந்தில் ஒரே ஒரு சச்சரவு. கறுப்புத் துணி போர்த்திய பெட்டிக்குள் கையை விட்டு, உள்ளே இருப்பது என்ன என்று சொல்லும் விளையாட்டு. தோல் உரித்த திராட்சை கண், வேகவைத்த நூடுல்ஸ் குடல். மூளைக்கு இடியாப்பம் பிழிந்து தரும்படி கேட்டதும் அத்தை மறுத்துவிட்டார். திங்கிற பொருளில் பத்துப் பேர் கையை விட்டு அளைவதாவது! வேண்டுமானால் ஜவ்வரிசியை ஊறவைத்துத் தருகிறேன், அது தவளை முட்டை மாதிரி இருக்கும் என்றார். அதுவும் தின்கிற பொருள்தானே என்று யாரும் கேட்கவில்லை. மூளையைவிடத் தவளை முட்டைக்குத்தான் அதிகக் கூச்சல் எழுந்தது.

நான்கு மணிக்கு வந்த எலும்புக்கூடும், இரண்டு சூனியக்காரிகளும், ஒரு டைனோசரும், மற்றவர்களும் முதல் பத்து நிமிஷத்தில் மேசையைச் சூறையாடினார்கள். பணியாரம் முதலில் தீர்ந்தது. அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. ‘குட்டிப் பூசணி’ என்ற பெயர் போதுமானதாக இருந்தது. மண்டை ஓடுகளைக் கடிக்கும் முன் கண்ணைப் பிடுங்கித் தின்பதா, கடைசியில் தின்பதா என்று இரண்டு கட்சி உண்டாயிற்று. தயிர்த் தம்ளர் பாதி மிஞ்சியது. விரலில் நகத்தை மட்டும் தின்றுவிட்டுக் கேரட்டைத் திரும்பத் தட்டில் வைத்த பிள்ளைகளும் உண்டு. எள் ஆகாத பையன் மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை யாரையும் கேட்காமல் எடுத்துத் தின்றான். அவன் அம்மா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலியில் மாட்டிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

ராத்திரி திரும்பி வந்ததும் கூடத்துத் தரையில் பைகளைக் கவிழ்த்தார்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் சொன்ன அளவுப்படி, 2 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். உறையிட்ட அந்தச் சின்னச் சாக்லேட்டில் மூன்று நான்கு தின்றாலே அதை எட்டிவிடலாம். தரையில் கிடந்ததோ ஒரு மாதத்துக்குக் காணும். சின்னவன் இரண்டைத் தின்றுவிட்டு, வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்லிப் பாட்டி மடியில் தூங்கிப்போனான். மூத்தவள் நிறவாரியாகப் பிரித்து அடுக்கி, தனக்குப் பிடிக்காததை அப்பாவிடம் பண்டமாற்று செய்வதில் மும்முரமாக இருந்தாள். அத்தை ஒரு கேண்டி கார்னை வாயில் போட்டுக்கொண்டு, “மெழுகுவத்தி” என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்தார்.

சட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரத்தை யாருக்கும் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அத்தைக்குச் சட்டம். அடுத்த வாரம் புதிதாக அரைத்த மாவை ஒரு டப்பாவில் ஊற்றிச் சட்டியோடு சேர்த்து அனுப்பினார். இரவு வெதுவெதுப்பான இடத்தில் வைக்கச் சொல்லு, மூடியை இறுக்க வேண்டாம் என்று சொல்லு, டப்பாவுக்கு அடியில் ஒரு தட்டு வைக்கச் சொல்லு என்று மருமகளிடம் மூன்று தடவை ஒப்பித்தார். அவளும் அப்படியே எழுதி அனுப்பினாள்.

மறுநாள் காலை ஒரு படம் வந்தது. மூடி ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நிற்க, மாவு பொங்கித் தட்டில் வழிந்திருந்தது. கீழே, கெட்டுப்போய்விட்டதா என்று பதைப்போடு ஒரு கேள்வி. அத்தை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“நல்லாத்தேன் வந்திருக்கு. உப்பப் போட்டு ஊத்தச் சொல்லு” என்றார்.